பெரியம்மாவின் மூக்குக்கண்ணாடி

பங்குனி வந்தால் உங்கள் வீட்டு வாசலில் எவ்வளவு செருப்பு கிடக்கும் என்று நினைவிருக்கிறதா? என் வயதுக்காரர்களைத்தான் கேட்கிறேன். இப்போதுள்ளவர்களைக் கேட்டால், "ஏன், ஸ்டாண்டு இல்லையா?" என்பார்கள். எங்கள் வீடு பெரிய காஞ்சிபுரத்தில், ஏகாம்பரநாதர் கோயில் மேளச் சத்தம் காதில் விழுகிற தூரத்தில் இருந்தது. திருவிழாவுக்குக் கொடி ஏறியதுமே உறவு வந்து இறங்க ஆரம்பித்துவிடும். ஓரிக்கையிலிருந்து ஒரு கூட்டம், கூரத்திலிருந்து ஒரு கூட்டம், எந்த ஊர், எந்த வழியில் சொந்தம் என்று யாருக்குமே சரியாகத் தெரியாத ஒரு கூட்டம். அந்தக் கடைசிக் கூட்டம்தான் நன்றாகச் சாப்பிடும்.

படுக்க இடம் ஏது? கூடத்தை இரண்டு தறிகள் அடைத்துக்கொண்டிருந்தன. ஒன்று பெரியப்பாவுடையது, இன்னொன்று அப்பாவுடையது. தறிகளுக்கு நடுவிலும், தறிக்கு அடியிலும், சமையல்கட்டு வரைக்கும் பாய் விரித்துப் படுப்போம். பட்டுநூலுக்கு ஒரு வாசனை உண்டு, ஈரக் கோழிச் சிறகு போல. அதோடு மிளகும் சுக்கும் நெய்யும் கலந்த இட்லி மாவின் வாசனை. பெரியம்மா மூங்கில் குடலையில் மந்தாரை இலையைப் பரப்பி, மாவை ஊற்றி, ஒரே இட்லியாக வேகவைப்பாள். வேகும் நேரத்துக்கு நாங்கள் இரண்டு முறை கோயிலுக்குப் போய்வந்துவிடலாம். வெந்ததைக் கவிழ்த்து, நூலால் அறுத்து, வட்டம் வட்டமாகத் தட்டில் போடுவாள். எனக்கு ஓரத்து வட்டம்தான் வேண்டும். இலையின் பச்சை அதில் ஒட்டியிருக்கும்.

பெரியம்மா என்றால் பெரியப்பாவின் மனைவி. அவர்களுக்குப் பிள்ளையில்லை. பெரியம்மா மூக்குக்கண்ணாடி போட்டிருப்பாள். கறுப்புச் சட்டம், ஒரு பக்கக் காது ஒடிந்து நூல் சுற்றியிருக்கும். அவளுக்குக் கண் தெரியாது என்பது எங்கள் வீட்டில் சுவர், கதவு மாதிரி ஒரு விஷயம். ஊசியில் நூல் கோக்க என்னைத்தான் கூப்பிடுவாள். ஆனால் நான் வெல்ல டப்பாவில் கை வைத்தால் மட்டும் கொல்லைப்புறத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவாள். ஒரு நாள் அவள் குளிக்கப் போனபோது அந்தக் கண்ணாடியை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். எங்கள் டீச்சரின் கண்ணாடியைப் போட்டபோது தரை தூக்கிக்கொண்டு வந்து தலை சுற்றியது. இதில் ஒன்றும் ஆகவில்லை. சுவரில் தொங்கிய காலண்டர் காலண்டராகவே இருந்தது. பெரியவர்களின் கண்ணாடியில் இரண்டு வகை உண்டு போலிருக்கிறது என்று முடிவுகட்டி, எடுத்த இடத்தில் வைத்துவிட்டேன்.

இனி அத்தை. அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் ஒரே தங்கை. பெரியப்பாவின் தறியில் கோர்வைக்கு உட்காருகிறவள் அவள்தான். கோர்வை என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். புடவையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். நாடா என்பது குறுக்கு நூலைச் சுமந்து ஓடுகிற கட்டை. உடலுக்கு ஒரு நாடா ஓடும், கரைக்கு வேறு நாடா. இரண்டு நிற இழையும் சந்திக்கிற இடத்தில் ஒன்றையொன்று கோத்துப் பிடிக்கவேண்டும். நெய்கிறவர் நடுவில் இருக்க, கரைப் பக்கம் இன்னொருவர் தறிக் குழியில் காலைத் தொங்கவிட்டு, பலகையில் பக்கவாட்டில் சாய்ந்து உட்கார்ந்து, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கை கொடுக்கவேண்டும். அந்த இன்னொருவர் எழுந்து போனால் தறி நின்றுவிடும். அத்தை எழுந்து போனதே இல்லை. அவள் கை பட்ட புடவையைக் கட்டிக்கொண்டு ஊரிலுள்ள பெண்களெல்லாம் மணமேடை ஏறினார்கள். அவளுக்கு மட்டும் கல்யாணம் கூடிவரவில்லை.

ஜாதகம் சரியில்லை என்று சொன்னார்கள். வரன் வரும்போதெல்லாம் பெரியப்பா ஜாதகத்தை எடுத்துக்கொண்டு ஜோசியரைப் பார்க்கப் போவார். திரும்பி வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "ஒத்து வரல" என்பார். அவ்வளவுதான். உடனே தறியில் ஏறி உட்கார்ந்துவிடுவார். அத்தையும் போய்ப் பக்கத்தில் உட்காருவாள். டக், டக் என்று தறி ஓட ஆரம்பிக்கும். பெரியப்பா கெட்டவர் இல்லை, அதையும் சொல்லவேண்டும். கெட்டவராக இருந்திருந்தால் அத்தை என்றைக்கோ சண்டை போட்டுக்கொண்டு போயிருப்பாள். அவளுக்கென்று தினமும் சாயங்காலம் மல்லிகைப்பூ வாங்கி வருகிற அண்ணன் அவர். அப்படிப்பட்டவரோடு எதைச் சொல்லிச் சண்டை போடுவது?

அத்தையைக் கட்டிக்கொள்ளவேண்டும் என்று விடாப்பிடியாக ஒருவர் இருந்தார். கூரத்து மாமா. அம்மாவின் தம்பி. ஊர் ஊராகப் போய் மோட்டார் பம்பு ரிப்பேர் செய்கிறவர். பக்கத்தில் வந்தால் டீசல் வாசனை அடிக்கும், எவ்வளவு சோப்பு போட்டாலும் போகாது. ஒவ்வொரு பங்குனிக்கும் தோளில் ஒரு பூசணிக்காயோடு டவுன் பஸ்ஸில் வந்து இறங்குவார். ஒரு முறை கேட்டார், ஜாதகம் ஒத்து வரவில்லை. மறு வருஷம் கேட்டார், அப்போதும் ஒத்து வரவில்லை. ஜாதகம் அதேதானே, மறுபடி ஏன் பார்க்கவேண்டும் என்று எனக்குத் தோன்றியது. கேட்டிருந்தால் முதுகில் வைத்திருப்பார்கள்.

நான் சொல்ல வந்த பங்குனியில் மாமா கொண்டுவந்த பூசணிக்காய் அசாத்தியப் பெரிசு. தேர் ஓடி முடிந்த மறுநாள். கூடத்தில் இரண்டு வரிசையாக இலை போட்டுச் சொந்தமெல்லாம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பூசணிக்காய்தான் சாம்பார், அதுவேதான் கூட்டு. பெரியப்பாவின் தறியில் அரக்குக் கரை போட்ட மாம்பழ மஞ்சள் புடவை ஏறியிருந்தது. உத்திரத்தன்று கல்யாணம் செய்துகொள்ளப்போகிற யாரோ ஒரு பெண்ணுக்கானது.

உத்திரத்தன்று ஏகாம்பரநாதருக்கும் அம்பாளுக்கும் திருக்கல்யாணம். சாமி தாலி கட்டும் அதே நேரத்தில் மண்டபத்தில் வரிசையாக நின்று நம் ஜனங்களும் தாலி கட்டிக்கொள்வார்கள், உங்களுக்குத் தெரியாததா. ஒரே மேளம், ஒரே முகூர்த்தம். அங்கே கட்டுகிற தாலிக்கு ஜாதகம் தேவையில்லை என்பது எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிச் சொல்லி நாங்கள் கேட்டு வளர்ந்த பேச்சு.

மாமா சாதத்தைப் பிசைந்துகொண்டே பெரியப்பாவிடம் கேட்டார். "மாமா, இந்த வருசமாவது ஒரு முடிவு சொல்லுங்க."

"ஜாதகம் ஒத்துக்கினு வரலியேபா. நான் இன்னா பண்றது, சொல்லு?" என்றார் பெரியப்பா.

கூட்டுப் பாத்திரத்தோடு வரிசையில் பரிமாறிக்கொண்டு வந்த அத்தை நின்றாள். அவள் சாதாரணமாகப் பேசுவதே நமக்குக் குனிந்து கேட்டால்தான் கேட்கும். அன்றைக்கு வாசல் வரைக்கும் கேட்டது.

"உத்திரத்தன்னிக்கு சாமிக்குக் கல்யாணம் நடக்குது இல்லண்ணா. அதே நேரத்துல நானும் கட்டிக்கிறேன். அதுக்கு ஜாதகம் பாக்க வேணாமே."

எந்த ஊர் என்று தெரியாத அந்தக் கூட்டம்கூடச் சாப்பிடுவதை நிறுத்திவிட்டது. பெரியப்பா தண்ணீர் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, கேட்கக்கூடாது என்று எத்தனையோ வருஷமாக அடக்கிவைத்திருந்ததைக் கேட்டுவிட்டார்.

"நீ போய்ட்டா கோர்வைக்கு யாரு உக்காருவாங்க?"

உண்மையான ஜாதகம் அன்றுதான் வெளியே வந்தது. அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அம்மா மோர்ச் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றாள். அப்பாவின் தறியில் கரையும் உடலும் ஒரே நாடாவில் ஓடும் சாதாப் புடவை. ஒரே ஆள் போதும், அம்மா நூல் சுற்றிக் கொடுத்தால் சரி. ஆனால் கோர்வை நெய்கிற கை என்ற பெயர் பெரியப்பாவுக்கு இருந்தது. அந்தப் பெயரை அவர் விடமாட்டார்.

எல்லோர் முகத்தையும் சுற்றிப் பார்த்தவர் என் முகத்தில் வந்து நின்றார். "இவளும் வளந்துட்டா. இவ உக்காரட்டும். பள்ளிக்கூடம் போய் இன்னா கலெக்டரா ஆவப்போறா?"

அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. கோர்வைப் பக்கத்துக் குழிக்குள் கொஞ்ச நாளாக ஒரு கருங்கல் கிடந்தது. உட்கார்ந்தால் என் கால் சரியாக அதன்மேல் பதியும். நாங்கள் விளையாடப் போட்டது என்று நினைத்து, அதன்மேல் ஏறி நின்று குதித்திருக்கிறேன். என் கையிலிருந்த அப்பளம் நமத்துப்போனது. முழுப்பரீட்சை வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. நான் வகுப்பில் கணக்கில் முதல். அதை அந்த நேரத்தில் சொல்லலாமா என்றுகூட யோசித்தேன்.

அத்தை என்னைப் பார்த்தாள். மாமாவைப் பார்த்தாள். கூட்டுப் பாத்திரத்தைத் தரையில் வைத்தாள்.

"இவள அந்தப் பலகையில உக்கார வெக்கறதா இருந்தா எனக்குக் கல்யாணமே வேணாம்ண்ணா. நானே உக்காந்துக்கினு இருக்கறேன்."

மாமா இலையை மடிக்கப் போனார். இதோ, முடிந்தது. ஒன்று அத்தை, இல்லாவிட்டால் நான். அந்தக் குழிக்கு யாராவது ஒருத்தி வேண்டும். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. யாருக்காக அழுவது என்று தெரியவில்லை.

அந்த நேரத்தில்தான் சமையல்கட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்த பெரியம்மா எழுந்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். "வெச்சிக்கடி" என்று சொல்லிவிட்டு நேராகப் போய்க் கோர்வைப் பலகையில் உட்கார்ந்தாள். எனக்காகப் போட்ட கருங்கல் அவள் காலை இடித்தது. குனிந்து அதைப் புரட்டி ஓரமாகத் தள்ளினாள். பிறகு பெரியப்பாவைப் பார்த்துச் சொன்னாள்.

"கையக் கழுவிட்டு வாங்க. ஓட்டிப் பாக்கலாம்."

"உனக்குத்தான் கண்ணு தெரியாதே" என்றார் பெரியப்பா.

"வாங்கன்னு சொல்றேன் இல்ல?"

பெரியப்பா கையைக் கழுவிவிட்டு வந்து ஏறினார். சோதித்துப் பார்த்துவிடுவது என்றுதான் ஏறியிருப்பார். உடல் நாடாவை விட்டார். பெரியம்மாவின் கை கரை நாடாவை வாங்கி, இழையைக் கோத்து, திருப்பி விட்டது. முதல் சில ஓட்டத்துக்கு அவள் விரல் இழையைத் தேடியதை நான் கிட்டே நின்று பார்த்தேன். பிறகு தேடவில்லை. பெரியப்பா வேகத்தைக் கூட்டினார். அவள் விடவில்லை. இன்னும் கூட்டினார். தறியின் சத்தத்தில் தூண் அதிர்ந்தது. சொந்தமெல்லாம் எழுந்து வந்து, எச்சில் கையோடு தறியைச் சுற்றி நின்றது. கையில் சோறு காய்ந்துபோனதுகூட யாருக்கும் தெரியவில்லை.

"இன்னும் வேகமா போடுங்களேன்" என்றாள் பெரியம்மா.

பெரியப்பா நிறுத்தினார். நெய்த இடத்தில் குனிந்து பார்த்தார். மஞ்சளும் அரக்கும் சேருமிடத்தில் விரலை வைத்து மேலும் கீழும் தடவினார். ஒரு பிசிறு இல்லை.

"இத்தினி வருசமா..." என்று ஆரம்பித்தார்.

"இத்தினி வருசமா தெரியல. இப்ப தெரியுது. போதுமா?" என்றாள் பெரியம்மா. "நான் இருக்கற வரிக்கும் இது என் எடம். வேற பொம்பளப் புள்ளிங்க யாரும் இதுல உக்காரக் கூடாது. சொல்லிட்டேன். கல்யாணத்துக்கு ஆவவேண்டியதப் பாருங்க."

பெரியப்பா தறியை விட்டு எழுந்தார். அன்று சாயங்காலம் அவரே கோயிலுக்குப் போய்க் கல்யாணத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்தார். மாமா கூரத்துக்கு ஓடினார், சட்டை வேட்டி எடுத்துவர. போகும் அவசரத்தில் யாருடைய செருப்பையோ மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

உத்திரத்துக்கு முதல் நாள் அந்தப் புடவையைத் தறியிலிருந்து அறுத்தார்கள். அத்தைக்கென்று பட்டு நெய்ய நேரம் ஏது? நூல் புடவையை மஞ்சளில் நனைத்துக் கட்டிக்கொண்டு நின்றாள். மண்டபத்தில் அவ்வளவு ஜோடிகள், ஒவ்வொரு ஜோடிக்கும் பின்னால் ஒரு தெருவே திரண்டு வந்த மாதிரி உறவு. யார் எந்தக் கல்யாணத்துக்கு வந்தவர்கள் என்று தெரியாமல் எங்கள் கையிலும் யாரோ அட்சதை கொடுத்தார்கள். நான் அந்தக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெரிய மனுஷியாக நின்றேன்.

வரிசையில் அத்தைக்குப் பக்கத்திலேயே ஒரு பெண் மாம்பழ மஞ்சளும் அரக்கும் கட்டிக்கொண்டு நின்றாள். எங்கள் தறிப் புடவைதான். அவளுக்கு எங்களைத் தெரியாது. புதுப்பட்டு, மடிப்பு நிற்காமல் வழுக்கிக்கொண்டே இருந்தது. அத்தை பக்கவாட்டில் குனிந்து அவள் கொசுவத்தைச் சரிசெய்தாள். அப்படியே கரையைக் கையில் எடுத்துப் பார்த்தவள், ஓரிடத்தில் விரலை நிறுத்தினாள்.

"அண்ணி, இங்கேர்ந்து உன் கை" என்று பின்னால் நின்ற பெரியம்மாவிடம் சொன்னாள்.

"போடி, சாமியப் பாரு" என்றாள் பெரியம்மா. அதற்குள் கெட்டிமேளம் முழங்கிவிட்டது. மண்டபம் முழுக்க ஒரே நேரத்தில் தாலி ஏறியது. டீசல் வாசனை அடிக்கிற கையால் மாமா மூன்று முடிச்சும் தானே போட்டார், நாத்தனாரைப் போடவிடவில்லை. இத்தனை வருஷம் காத்திருந்த மனுஷனை யார் என்ன சொல்வது? தள்ளுமுள்ளில் என் மூக்கிலிருந்த கண்ணாடி எங்கேயோ விழுந்து போனது. தேடித் தேடி அழுதேன். "போனா போவட்டும், உடு" என்று பெரியம்மா என்னை இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

அந்தக் கண்ணாடியின் கதையைப் பின்னாளில் அத்தைதான் எனக்குச் சொன்னாள். பெரியம்மா கல்யாணமாகி வந்த நாள் முதல் கோர்வைக்கு உட்கார்ந்தவள். பிள்ளை தங்கவில்லை. குழியில் காலைத் தொங்கவிட்டுக் கோணி உட்கார்ந்தால் எப்படித் தங்கும் என்று யாரோ அவள் காதில் போட்டிருக்கிறார்கள். எழுந்துகொள்கிறேன் என்று சொல்லிப் பார்த்தாள், எழவிடவில்லை. அதனால் ஒரு பங்குனியில் தேரடிக் கடையில் வெறும் கண்ணாடி போட்ட அந்தச் சட்டத்தை வாங்கி மாட்டிக்கொண்டு, கண் தெரியவில்லை என்று சொல்லிவிட்டாள். அப்படியும் பிள்ளை பிறக்கவில்லை. அவள் எழுந்த இடத்தில் அத்தையை உட்கார வைத்தார்கள். அதற்குப் பிறகு எப்படி வாயைத் திறப்பாள்? ஒரு பொய்யைக் காதில் மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு வரனும் திரும்பிப் போவதைச் சமையல்கட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். சோம்பேறி, கல்நெஞ்சுக்காரி என்றெல்லாம் அவளை எங்கள் சொந்தம் பேசியிருக்கிறது. பேசினவர்கள் அவள் அவித்த இட்லியைத் தின்றுகொண்டேதான் பேசினார்கள். நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

நான் படித்தேன். பங்குனிகள் வந்தன. அத்தையும் மாமாவும் பூசணிக்காயோடும், பிறகு பிள்ளைகளோடும் வந்தார்கள். பெரியம்மா அந்தப் பலகையை விடவில்லை. ஒவ்வொரு முழுப்பரீட்சை முடிந்ததும் தறியிலிருந்தே கேட்பாள், "இன்னும் எத்தினி படிக்கணும்?" சொல்வேன். "படி, படி" என்பாள். நாடாவை நிறுத்தமாட்டாள்.

காலேஜும் முடிந்து, தபாலாபீசில் வேலைக்கு உத்தரவு வந்த அன்று அதை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு ஓடினேன். அவள் எதிரில் போய், ஒன்றும் பேசாமல் காகிதத்தை நீட்டிக்கொண்டு சிரித்தபடி நின்றேன். தறி ஓடிக்கொண்டிருந்தது. அவள் கண் திறந்துதான் இருந்தது, நேராக என்னைத்தான் பார்த்தது.

"யாரு நிக்கறது?" என்றாள்.

அப்போதுதான் கவனித்தேன், அவள் விரல் நுனியால் இழையைத் தொட்டுத் தொட்டுத்தான் கோத்துக்கொண்டிருந்தாள். எப்போதிலிருந்து என்று தெரியவில்லை. கண் போனது வீட்டில் தெரிந்திருந்தால் அந்த இடத்துக்கு யாரைக் கூப்பிட்டிருப்பார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

"நான்தான் பெரியம்மா. வேலை கெடச்சிடுச்சி."

"நெசமாவா? அப்ப இனிமே படிக்க ஒண்ணும் இல்லியே?"

"இல்ல பெரியம்மா. எல்லாம் முடிஞ்சுது."

அவள் கரை நாடாவை மடியில் வைத்தாள். பெரியப்பா இருந்த பக்கம் திரும்பினாள்.

"தோ, கேட்டுக்கோங்க. எனக்குக் கண்ணு தெரியல."

பெரியப்பா வெகுநேரம் அவள் முகத்தையே பார்த்தார். "சரி. இத்த அறுத்துட்டா, அடுத்தது தம்பி நெய்யற மாதிரி சாதாப் புடவ போட்டுக்கறேன்" என்றார். அவ்வளவுதான். ஒரு வாக்கியம். என் வயதுக்காரர்களே, நீங்களே சொல்லுங்கள், அதை அந்தப் பூசணிக்காய்ச் சாப்பாட்டன்று அவரால் சொல்லியிருக்க முடியாதா? சொல்ல முடிந்திருக்கும். அவருக்குத் தோன்றவில்லை.

பெரியம்மா எழுந்திருக்கக் கையை நீட்டினாள். நான் இடப்பக்கம் நின்றேன், அவள் கை வலப்பக்கம் துழாவியது. சுற்றிக்கொண்டு போய் அதைப் பிடித்துக் குழியிலிருந்து மேலே தூக்கினேன்.